மொரிஸ் மைனர்: பின் ஒயில் சீல் இரண்டு தடவை மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை

மட்டுவிலான்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1964 மொரிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். அப்பாவின் கார். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி எங்கள் வீட்டுக்கு உழைத்தது. அதனால் இதை விற்கும் எண்ணம் இல்லை.

பிரச்சினை இடது பின் சில்லில். போன மாதம் கிளிநொச்சி போய் வந்து பார்த்தால், ரயரின் உட்பக்கம் கறுப்புக் கோடாக ஒயில் வழிந்திருக்கிறது. ட்ரம்மைக் கழற்றினேன், பிறேக் ஷூ இரண்டும் நனைந்து கிடந்தன. ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை ஒரு கராஜில் மாற்றியாகிவிட்டது. இரண்டு தடவையும் மூன்று கிழமை தாங்கவில்லை. இந்தத் தடவை நானே கழற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அச்சுவேலி ரமணன்:
அண்ணை, முதலில் அது கியர் ஒயில்தானா என்று உறுதிப்படுத்துங்கள். சில்லுச் சிலிண்டர் ஒழுகினாலும் ஷூ நனையும். ஒரு துளியை விரலில் எடுத்துத் தண்ணீரில் கழுவுங்கள். பிறேக் ஒயில் என்றால் கழுவுப்பட்டுப் போய்விடும். கியர் ஒயில் பிசுபிசுத்துக்கொண்டு நிற்கும், கந்தக மணமும் வரும்.

அப்புறம் அக்சிலின், அதாவது பின் சில்லுகளை இணைக்கும் அச்சுக்கூட்டின், மூச்சுத்துளை. அறுபது வருடச் சேறு அதை அடைத்திருந்தால், ஓடிச் சூடாகும்போது உள்ளே அமுக்கம் ஏறி, எந்தப் புதுச் சீலையும் தாண்டி ஒயிலைத் தள்ளும். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

பழைய கராஜ்:
தம்பி, ரமணன் சொன்ன இரண்டையும் பார்த்துவிட்டு இதை வாசியுங்கள். கராஜை மகனிடம் கொடுத்துவிட்டேன், ஆனால் மைனர் ஹப்பை, அதாவது சில்லின் நடுக் குடத்தை, எத்தனை தடவை கழற்றிப் பூட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. மூன்று கிழமையில் ஒழுகுகிறது என்றால் சீலில் பிழை இருக்காது. பூட்டிய விதத்தில்தான் பிழை.

மைனரில் ஒயில் எந்தப் பக்கமிருந்து சீலுக்கு வருகிறது என்று யோசியுங்கள். டிஃப்ரன்ஷியல், அதாவது பின் சில்லுகளுக்கு நடுவிலுள்ள கியர்க் கூடு, உள்ளே இருப்பதால் ஒயிலும் உள்ளே இருந்து வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒயில் அக்சில் குழாய்க்குள் சில்லைச் சுழற்றும் ஷாஃப்டோடு வெளியே வந்து, குழாயின் நுனியில் திரும்பி, பெயரிங்குக்குள்ளால் மறுபடி உட்பக்கம் வருகிறது. சீல் இருப்பது பெயரிங்குக்குப் பின்னால். அதனால் சீலின் உதடும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் பெயரிங்கைப் பார்த்து, அதாவது சில்லுப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மற்றக் கார்களில் பழகிய கை இதை மாற்றிப் போட்டுவிடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது.

இரண்டாவது, ஷாஃப்ட் தட்டுக்கும் ஹப்புக்கும் இடையில் ஒழுக்கைத் தடுக்க வைக்கும் பேப்பர் கஸ்கெட். ஹப்பில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கான காடி இருந்தால் அந்த வளையத்தையும் புதிதாகப் போடுங்கள். இங்கே பலர் கஸ்கெட்டைக் கலண்டர் மட்டையில் வெட்டிவிடுவார்கள். அது தடிப்பு. பேப்பரை வைத்த பிறகும் பெயரிங் முகம் அதைவிட 1 முதல் 4 தௌ வரை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் நான்கு பங்கு, வெளியே துருத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் ஷாஃப்ட் தட்டு பெயரிங்கை இறுக்கிப் பிடிக்கும். மட்டை தடித்தால் பெயரிங் பிடியில்லாமல் அசையும், ஹப் ஆடும், ஒயில் வழி தேடிக்கொள்ளும். நேரான இரும்பு அளவுகோலைப் பெயரிங் மேல் வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

கழற்றும்போது இடது பக்கத்தை நன்றாக உயர்த்தி ஜாக் போடுங்கள். ஒயில் மற்றப் பக்கம் ஓடிவிடும், ஷாஃப்டை இழுக்கும்போது கொட்டாது. ஹப்பின் பெரிய நட்டுக்கு உளி வைத்து அடிக்க வேண்டாம், சரியான சொக்கெட் தேடிப் பிடியுங்கள். புரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பலத்தைக் கொடுங்கள். பூட்டு வாஷர் புதிதாக வேண்டும்.

சீல் ஓடும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே காடி விழுந்திருக்கிறது. அப்படியென்றால் சீலை ஹப்புக்குள் ஒரு மில்லிமீற்றர் முன்பின்னாக இறக்கி வைக்கலாம், உதடு புது இடத்தில் உட்காரும். ஹப்பை ஏற்றும்போது குழாயின் புரியில் ஒரு சுற்று ரேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் புரி உதட்டைக் கீறிவிடும்.

நனைந்த ஷூவைப் பெற்றோலில் கழுவிப் போட வேண்டாம். சூடானதும் ஊறிய ஒயில் திரும்ப வெளியே வரும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புது ஷூ என்றால் மழையில் கார் இழுக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறுவார்கள், இதில் காசு பார்க்க வேண்டாம்.

மட்டுவிலான்:
ஐயா, நேற்றுக் கழற்றினேன். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. சீலின் ஸ்பிரிங் டிஃப்ரன்ஷியல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. கஸ்கெட் மட்டைதான், ஒரு பக்கத்தில் மாமரம் படம் அச்சிட்டிருந்தது. பெயரிங் அதைவிட உள்ளே தாழ்ந்து நின்றது. மூச்சுத்துளையிலிருந்து கடுகளவு மண்ணுருண்டை வந்தது, ரமணன் தம்பிக்கும் நன்றி.

மெல்லிய கஸ்கெட் போட்ட பிறகு 2 தௌ துருத்தல் வந்தது. ஒயில் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பழைய கராஜ்:
ஈபி 90 கியர் ஒயில், ஒன்றரைப் பைந்து, ஏறக்குறைய 850 மில்லி. நான்கு சில்லும் சமநிலத்தில் நிற்கும்போது ஊற்றுங்கள், ஊற்றும் துளையின் விளிம்புக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஜாக்கில் நிற்கும்போது ஊற்றினால் அளவு பிழைக்கும்.

மட்டுவிலான்:
இரண்டு கிழமை ஆகிறது. கிளிநொச்சிக்கு இரண்டு தடவை போய் வந்தேன். இன்று காலை ட்ரம்மைக் கழற்றிப் பழைய வெள்ளை வேட்டித் துண்டால் உள்ளே துடைத்தேன், பிறேக் தூசு மட்டுமே ஒட்டியது. வலது பக்கத்தையும் ஞாயிறு திறக்கப் போகிறேன், அங்கேயும் அதே மட்டைதான் இருக்கும்.