மறு: 'கிளாக் ஸ்பிரிங்' தமிழில் என்ன? (நாளை மாலைக்குள் வேண்டும்)

அன்பர்களே,

வாகனப் பழுதுபார்ப்பு மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஏர்பேக் கெடாமல் ஸ்டியரிங் வளையத்தை மாற்றும் பாடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். வளையத்துக்கு அடியில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்குமே, கிளாக் ஸ்பிரிங், அதைக் 'கடிகார வில்' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவர், "அப்போ மாட்டுறதுக்கு முன்னாடி சாவி கொடுக்கணுமா?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை, கையில் இருந்ததை இறுகும்வரை முறுக்கியும் விட்டார். சொல்லை மாற்றியே ஆக வேண்டும்.

— கு.

---

கு.,

அந்தப் பையன் மேல் தப்பில்லை. வில் என்றால் முறுக்கத்தான் தோன்றும். உள்ளே வில்லே கிடையாது. தட்டையான நாடா ஒன்று பழைய ஒலிநாடாப் பேழையில் இருப்பதுபோலச் சுருண்டு கிடக்கும், அதற்குள் மின்கம்பி இழைகள் ஓடும். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் போகும் வழி அதுதான். வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் நாடா இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும்.

அதனால் நடுவில் நிறுத்தி மாட்ட வேண்டும். டப்பாவை ஒரு பக்கமாக மெல்லத் திருப்பி, தானாக நிற்கும் இடத்தில் விட்டுவிட வேண்டும். அங்கிருந்து மறு கோடிவரை சுற்றுகளை எண்ணி, பாதி திரும்பி வர வேண்டும். ஐந்து சுற்று என்றால் இரண்டரை. முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். நடு தப்பினால், வண்டியை ஒருநாள் முழுதாக வளைக்கும்போது நாடா அறுந்துவிடும். ஹாரன் நிற்கும், ஏர்பேக் விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால், மோதும்போது பை விரியாது. சொல் எதுவானாலும் சரி, 'வில்' மட்டும் வேண்டாம்.

— மா.

---

நண்பர்களுக்கு,

மா. தெளிவாக விளக்கினார். ஆனால் 'நாடா' என்கிறாரே, அது வடக்கிலிருந்து வந்த சொல். தட்டையாக நீண்டதற்கு நம்மிடம் 'வார்' இருக்கிறது. தோல்வார், கச்சைவார். எனவே 'சுருள்வார்'.

இன்னொன்று. 'ஸ்டியரிங்' என்று தமிழ்ப் பாடநூலில் எழுதலாமா? 'சுக்கான்' என்பீர்கள், அது அரபு. அகநானூறு 255ஆம் பாட்டில் மாடத்து விளக்கொளி பார்த்துக் கலம் செலுத்துகிறவன் 'நீகான்'. 'மீகான்' என்பதும் அவனே. இதில் எது முந்தியது, 'நீர்' நீகானுக்குள் இருக்கிறதா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன். இப்போதைக்கு 'நீகான் வளையம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

— செ.

---

ஐயா,

'சுருள்வார்' என்றதும் 'யார் சுருள்வார்?' என்று கேட்கத் தோன்றுகிறது. வருவார், போவார், சுருள்வார். 'சுருள்வாரை நடுவில் நிறுத்தவும்' என்று படித்தால் மாணவர்கள் யாரையாவது பிடித்து நிறுத்தப் போகிறார்கள்!

நீகான் அழகான சொல்தான், ஆனால் கிரீஸ் கையோடு படிக்கிற புத்தகம் இது. ஸ்டியரிங் இருக்கட்டும், தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்திருக்கிறார். இதற்குச் 'சுருள்நாடா' போதும்.

— வே.

---

வே.,

சுருள்வார் பற்றிய கேலியை ஏற்கிறேன், நானும் சிரித்தேன். நாடாவையும் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 'ணளமுன் டணவும்', அதாவது ளகரத்துக்குப் பின் வரும் நகரம் ணகரமாகும் என்று, நன்னூல் படித்தவர்கள்தானே நாம்? நாள் + நன்று, நாணன்று. அதுபோலச் சுருள் + நாடா, 'சுருணாடா'. புணர்ச்சியை விட்டுவிட்டால் அது ஒரே சொல் என்பது எப்படித் தெரியும்?

— செ.

---

சுருணாடா என்று போட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள் ஐயா. 'முண்ணுனி'யை 'முள்நுனி' என்று பிரித்து எழுதியே பழகிய கண்கள்.

நேற்றிரவு எனக்கு இன்னொன்றும் தோன்றியது: 'சுழலிணைப்பு'. வேலையைச் சொல்லும் பெயர். மா. என்ன சொல்கிறார்?

— கு.

---

வேண்டாம் கு. சுழலிணைப்பு என்றால் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம் என்று படுகிறது. இதற்கு எல்லை உண்டு, அதை மறந்தால்தான் அறுகிறது. நாடா என்றால் நீளம் இவ்வளவுதான் என்று கைக்கே தெரியும். என் ஓட்டு சுருள்நாடாவுக்கு.

சொல்லைவிட வாக்கியங்கள்தான் எனக்குக் கவலை. வரைவில் 'மின்கலத்தைக் கழற்றியதும் ஏர்பேக்கை எடுக்கவும்' என்று இருக்கிறது. 'கழற்றியதும்' கூடாது. மின்சாரம் நின்ற பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்தேக்கியில் பையை விரிக்கும் அளவு மிச்சம் இருக்கும். ஒன்றரை நிமிடம், பத்து நிமிடம் என்று வண்டிக்கு வண்டி மாறும், அந்தந்த வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். எடுத்த ஏர்பேக்கை முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் முழுப் பாகமும் மேலே பாயும். மஞ்சள் இணைப்பிகளில் சாதாரண மல்டிமீட்டரை வைக்கக் கூடாது. புது வளையம் அந்த வண்டியின் ஏர்பேக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சில பைகள் இரண்டு நிலையாக விரியும், அவற்றுக்கு இரண்டு இணைப்பி. ஒன்றை விட்டுவிட்டு, மின்தடை ஒன்றைச் செருகி விளக்கை அணைக்கிறார்கள் பாருங்கள், அதற்கு ஒரு கலைச்சொல் வேண்டுமென்றால் 'ஏமாற்று' என்றே போடுங்கள்.

— மா.

---

மா. 'வெடித்தால்' என்கிறார். 'விரிதல்' இருக்கும்போது ஏன் பயமுறுத்த வேண்டும்?

— வே.

---

பயப்படட்டும் என்றுதான். உள்ளே இருப்பது பற்றவைக்கும் மருந்து.

— மா.

---

நன்றி, எல்லோருக்கும். இரண்டு பேர் 'சுருள்நாடா' என்கிறீர்கள், என்னோடு மூன்று, மணி பதினொன்று, அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'கிளாக் ஸ்பிரிங் எனப்படும் சுருள்நாடா'. ஸ்டியரிங் வளையம் அப்படியே. வெடித்தல் எச்சரிக்கையில், விரிதல் விளக்கத்தில்.

— கு.

---

கு.,

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், இலக்கணம் வணங்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். அடுத்த பதிப்பில் சுருணாடா.

அப்புறம் அந்த வாக்கியத்தை நானும் படித்தேன். 'மின்கலத்தைக் கழற்றி' என்று இருக்கிறது. கழற்ற வேண்டியது மின்கலத்தையா, அதன் எதிர்முனைக் கம்பியையா? மாணவர் முதலில் நேர்முனையில் ஸ்பேனரை வைத்துவிடப் போகிறார்.

— செ.