உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கலாமா?

கேள்வி (பூம்பாறை விவசாயி):
எங்கள் மலைப்பூண்டுத் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் கிளறி அழிக்கின்றன. தாத்தா காலத்தில் ஊர்ப்பட்டறையில் செய்த, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாமா? மாநில அரசு விலக்கு அளிக்காதா?

பதில் 1:
வேண்டாம் ஐயா. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் மத்திய அரசின் சட்டம்; அதிலிருந்து மாநில அரசு தானாக விலக்கு அளிக்க முடியாது. அதன் 5ஆம் பிரிவின்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுதுபார்ப்பதும் குற்றமே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரையும் நீளலாம். வீட்டில் வைத்திருப்பதே தனிக் குற்றம் என்பதால், வழக்கறிஞரைக் கலந்துகொண்டு உடனே காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

பதில் 2:
பயிர்ப் பாதுகாப்புக்கென, குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த உரிமம் பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. சுடுவதற்கான அனுமதி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருவது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்பாவிடம் இன்றே பேசுகிறேன்.