குச்சி எறியும் காட்சி: மரியாதையா, திருட்டா?

கேள்வி:
என் குறும்படம் 12 நிமிடம். முதல் காட்சியில் நாயகன் முச்சந்தியில் நின்று ஒரு குச்சியை மேலே எறிகிறான். அது காட்டும் திசையில் நடக்கிறான். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) அப்படித்தான் தொடங்கும். அந்தப் படத்தின் மேல் உள்ள ஆசையில் வைத்தேன். பார்த்த நண்பன் "சுட்டதுதானே" என்கிறான். இரண்டு நாளாக மனசே சரியில்லை. எதுதான் எல்லை?

பதில் 1:
தம்பி, அதே படத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1964-இல் இத்தாலிய இயக்குநர் லியோனே ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார். இரண்டு கும்பல், இருவரையும் மோதவிடும் அந்நியன்; கதை அப்படியே. ‘யோஜிம்போ’வில் எதிரிகளை வெட்டி முடித்த சாமுராய் (ஜப்பானிய வாள்வீரன்) சவப்பெட்டி செய்பவரிடம் "இரண்டு, இல்லை, மூன்று" என்பான். லியோனேயின் ஆள் முதலிலேயே மூன்று கேட்டுவிட்டு, சுட்டபின் "நான்கு" என்று திருத்துவான். மோரிகோனேயின் இசை, அந்த முகங்கள் எல்லாம் புதுசு, எனக்கு உயிரான படம். ஆனாலும் அனுமதி வாங்கவில்லை. ‘யோஜிம்போ’வைத் தயாரித்த டோஹோ நிறுவனம் வழக்குப் போட்டு, வசூலில் 15 சதவீதம் என்று சமரசமானது. ஆனால் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ படத்தைத் தழுவிய ‘தி மேக்னிஃபிசண்ட் செவன்’ (1960) டைட்டிலிலேயே மூலத்தைச் சொன்னது.

பதில் 2:
‘தி அன்டச்சபிள்ஸ்’ (1987) படத்தில் படிகளில் உருளும் குழந்தை வண்டி, 1925-இல் வந்த ‘பொட்டம்கின்’ படத்தின் ஒடெசா படிக்கட்டுக் காட்சியேதான். தெரிந்தவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்றே வைத்தது. கதை வேறு. உங்கள் குச்சியும் அப்படித்தான்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. குச்சி இருக்கட்டும், டைட்டிலில் குரோசாவா பெயரைப் போடுகிறேன். ஆனால் இரண்டாம் பாதியில் என் நாயகன் இரண்டு கந்துவட்டிக்காரர்களை மோதவிடுகிறான். அதை இன்றைக்கே மாற்றி எழுத உட்காருகிறேன்.