44 நிமிடத்துக்கு ஒருமுறை சிக்னல்: இது பல்சாரா, வேறு ஏதாவதா?

மன்னை_ரேடியோ:
வணக்கம். 1967-ல் ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சாருக்கு, அதாவது சுற்றிக்கொண்டே ரேடியோ துடிப்பு விடும் நட்சத்திரத்துக்கு, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி 1.33 வினாடிதான். இப்போது பார்த்தால் 18 நிமிடம், 44 நிமிடம், ஆறரை மணி நேரம் என்று ஏதேதோ சொல்கிறார்கள். இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிற ஒன்றுக்கு ரேடியோ அலை விட சக்தி எங்கிருந்து வருகிறது? இன்னொன்று, என்னிடம் கம்ப்யூட்டரில் செருகி ரேடியோ கேட்கும் ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் கழற்றிப்போட்ட டிடிஎச் டிஷ்ஷும் இருக்கின்றன. மன்னார்குடி பக்கம், வயலுக்கு நடுவில் வீடு. இதை வைத்து அந்த சிக்னலைப் பிடிக்க முடியுமா, இல்லை பேராசையா?

குடந்தை_வாத்தியார்:
நல்ல கேள்வி தம்பி. சைக்கிள் டைனமோவை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாக மிதித்தால் விளக்கு எரியாது. பல்சார் என்பது நியூட்ரான் நட்சத்திரம், பெரிய நட்சத்திரம் வெடித்தபின் ஓர் ஊர் அளவுக்குச் சுருங்கிய கரு, அதுவும் ஏறக்குறைய அப்படித்தான். காந்தப்புலத்தோடு வேகமாகச் சுற்றினால்தான் துருவங்களில் போதுமான மின்னழுத்தம் வரும், ஓர் எல்லைக்குக் கீழே வேகம் போய்விட்டால் அணைந்துவிட வேண்டும். 2022-ல் அறிவித்த 18 நிமிடக்காரர் இந்தக் கணக்கையே கேலி செய்கிறார், சுழற்சி குறைவதால் கிடைக்கக்கூடிய சக்தியைவிட அது ரேடியோவில் கொட்டியது அதிகம். சரி, அது மேக்னட்டார், அதாவது காந்தப்புலம் மிக மிக அதிகமான நியூட்ரான் நட்சத்திரம், அந்தக் காந்தப்புலத்தில் சேர்ந்திருக்கும் சக்தியைச் செலவழிக்கிறது என்று சொல்லலாம். ஆனால் 22 நிமிட இடைவெளியில் துடிக்கும் ஒன்று 2023-ல் வெளிவந்தது. பழைய பதிவுகளைத் தோண்டினால் 1988-லிருந்தே துடித்துக்கொண்டிருக்கிறது! புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளிலும் அது இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மேக்னட்டார் ரேடியோவில் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்காது.

வெண்ணாறு:
வாத்தியார் வெள்ளைக் குள்ளனை, அதாவது சூரியன் மாதிரி நட்சத்திரம் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கருவை, விட்டுவிட்டீர்களே. பூமி அளவு இருப்பதால், அதே வேகத்தில் சுற்றினாலும் நியூட்ரான் நட்சத்திரத்தைவிட லட்சம் மடங்குக்கு மேல் சுழற்சி சக்தி அதில் இருக்கும். சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் 125 நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பது ஒன்றை ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி பிடித்தது. அங்கே வெள்ளைக் குள்ளனும் ஒரு சிவப்புக் குள்ளனும் (மங்கலான சின்ன நட்சத்திரம்) ஒன்றையொன்று சுற்றுகின்றன, அந்தச் சுற்றுக்கு ஆகும் நேரமே அந்த 125 நிமிடம். என் கட்சி, எல்லாவற்றுக்கும் ஒரே விடை தேடுவதே தப்பு. நீங்கள் கேட்ட 44 நிமிடக்காரர் இன்னும் வம்பு, எக்ஸ்-கதிரும் விடுகிறார். அதைப் பார்த்தது சந்திரா தொலைநோக்கி, அதுவும் தற்செயலாக, வேறு எதையோ பார்க்கும்போது. வெள்ளைக் குள்ளனின் எடைக்கு வரம்பு சொன்ன சந்திரசேகர் பெயர்தான் அதற்கு. சி.வி.ராமன் திருவானைக்காவலில் பிறந்தவர், அவருடைய அண்ணன் மகன்தான் இந்த சந்திரசேகர், நம்ம காவிரிக்கரைச் சொந்தம்.

மன்னை_ரேடியோ:
அருமை சார். ஆனால் பக்கத்து வயலில் மோட்டார் ஸ்டார்ட்டரைப் போட்டாலே என் திரை முழுக்கக் கோடு விழுகிறது. இப்படி ஊர் இரைச்சல் இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

வெண்ணாறு:
தாமதத்தை வைத்துத்தான். விண்வெளியில் திரியும் எலக்ட்ரான்களைத் தாண்டி வரும்போது குறைந்த அதிர்வெண் பின்தங்கி வரும். ஸ்டார்ட்டர் பொறி எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே சமயத்தில் வந்து விழும். எத்தனை பின்தங்கியது என்பதிலிருந்தே தூரமும் தோராயமாகத் தெரிந்துவிடும்.

சாட்_ஃபைண்டர்:
டிஷ் கேள்விக்கு வருகிறேன், நான் திருவாரூரில் டிடிஎச் மாட்டுகிறவன். பேராசைதான் தம்பி. 44 நிமிடத்தைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியக் கருவிக்கு 12 மீட்டர் டிஷ் 36 இருக்கிறது. உங்கள் டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்குகிற எல்என்பி வேறு 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் கேட்கும், இந்த சிக்னல்களோ அதற்கு ரொம்பக் கீழே. அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஃபைண்டரை (சிக்னல் பலம் காட்டும் மீட்டர்) இணைத்து டிஷ்ஷைச் சூரியன் பக்கம் திருப்புங்கள், முள் எகிறி ‘கீ’ என்று கத்தும். ஆஃப்செட் டிஷ், முகம் பார்க்கிற திசைக்கு இருபது டிகிரி சொச்சம் மேலேதான் அது கேட்கும், அதைக் கணக்கில் வையுங்கள். டாங்கிளுக்கு வேலை வேண்டுமென்றால் ஒரு கிரிட் டிஷ்ஷும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி 1420 மெகாஹெர்ட்ஸில் பால்வெளி ஹைட்ரஜனைப் பிடிக்கலாம். அப்புறம், வீட்டு எல்இடி பல்பையெல்லாம் அணைத்துவிட்டு உட்காருங்கள், மோட்டாரைவிட அதுதான் பெரிய தொல்லை.