‘பார்க் சுவிட்ச்’ தமிழில் எப்படி? (துடைப்பான் மின்பழுது அத்தியாயத்துக்காக)

தும்பி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பழைய கார்களுக்கான பழுதுநீக்கக் கையேடு ஒன்றைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். முகப்புக் கண்ணாடித் துடைப்பானின் மின்பழுதுகள் பற்றிய அத்தியாயம் மட்டுமே பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உருகி, மின்தேக்கி போன்றவற்றில் சிக்கல் இல்லை. ‘பார்க் சுவிட்ச்’ என்ற இடத்தில்தான் நிற்கிறேன். ஓட்டுநர் துடைப்பானை நிறுத்தியதும் அது பாதிக் கண்ணாடியில் நின்றுவிடாமல் அடிவிளிம்புக்குப் போய்ச் சேர வழிசெய்யும் உறுப்பு. மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. ‘தன்னிறுத்த ஆளி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு உண்டா?

நன்னூலடியார் எழுதியது:

மறுப்பு இல்லை அம்மா, மகிழ்ச்சிதான். ஆனால் நீங்கள் எண்ணியதைவிட ஆழமான சொல்லை ஆக்கிவிட்டீர்கள். தன் + நிறுத்தம் என்று நீங்கள் பிரித்திருப்பீர்கள். தன் + இறுத்தம் என்றும் பிரிக்கலாம். தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். இறுத்தல் என்றால் தங்குதல். படை ஓரிடத்தில் வந்து இறுத்தது என்பது பழைய வழக்கு. இறை என்பதற்கே எங்கும் இறுப்பவன் என்று பொருள் சொல்வார் உண்டு. ஆக, தானே சென்று தங்குவது தன்னிறுத்தம். ‘நிறுத்தம்’ என்ற மேலோட்டமான பொருளை விட்டுவிட்டு இந்த வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எளியவன் எழுதியது:

ஐயா, சோறு வடித்துக் கஞ்சியை இறுப்பதும் இறுத்தல்தான், வரி கட்டுவதும் இறுத்தல்தான். பதினெட்டு வயது மாணவர் தன்னிறுத்தம் என்பதைப் பார்த்ததும் கார் தானாக நின்றுவிடும் என்றுதான் நினைப்பார். ‘பார்க் சுவிட்ச்’ என்றே போடுங்கள். மோட்டார் தமிழாகிவிட்டது, சுவிட்ச் தமிழாகிவிட்டது. பார்க் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

நன்னூலடியார் எழுதியது:

எல்லாவற்றையும் உள்ளே விட்டால் அத்தியாயத்தில் தமிழ் என்று மிஞ்சுவது வேற்றுமை உருபுகள் மட்டுமே, தம்பி.

கரிமுனை எழுதியது:

பெரியவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாகன மின்வேலை கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது.

மோட்டாரின் பற்சக்கரத்தில் வெட்டு விட்ட ஒரு செப்புத் தகடு சுற்றுகிறது. அதன்மேல் சில தொடுமுனைகள் உரசிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் கைச்சுவிட்சை அணைத்த பிறகும், துடைப்பான் அடிவிளிம்பை எட்டும்வரை இந்தத் தகட்டின் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எட்டியதும் தகட்டின் வெட்டு வந்து அந்த வழியைத் துண்டித்து, அதே கம்பியை எர்த்துடன் சேர்த்துவிடும். மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த நிலையில், சுழலும் வேகத்தில் மோட்டாரே மின்னாக்கி ஆகிறது. அந்த மின்னோட்டம் சுழற்சியை எதிர்க்க, கை சட்டென்று நிற்கிறது. அதாவது இந்த உறுப்புக்கு இரண்டு வேலை: வீடுவரை கொண்டுபோய் விடுவது, அங்கே பிரேக் போடுவது.

பழுதும் அதற்கேற்ப இரண்டு வகை. அணைத்த இடத்திலேயே துடைப்பான் செத்து நின்றால் முதல் வேலை கெட்டிருக்கிறது. அடிவிளிம்பைத் தாண்டி மறுபடி மேலே ஏறினால் இரண்டாவது கெட்டிருக்கிறது. எர்த்துப் பக்கம் தொடர்பு இல்லை, அல்லது தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன. ‘நிறுத்தம்’ என்ற சொல் இந்த இரண்டையும் குழப்பிவிடும். முதல் வகையில் துடைப்பான் நிற்கத்தான் செய்கிறது, நிற்கக்கூடாத இடத்தில்.

அலைமகள் எழுதியது:

கரிமுனை அண்ணா சொன்னது தெளிவு. ‘ஆளி’ பற்றியும் ஒரு கேள்வி. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி என்று படித்தவள் நான், அந்தச் சொல்மேல் பற்று உண்டு. ஆனால் ஆள்வது ஆளி. சேர்ந்தாரைக் கொல்லி போல வினைமுதற்பொருளில் வந்த இகரம். மோட்டாருக்குள் இருக்கும் இதை யாரும் ஆள்வதில்லையே? பற்சக்கரம் அல்லவா ஆள்கிறது?

நன்னூலடியார் எழுதியது:

மிக நுட்பமான கேள்வி. வரலாற்றில் ஆளே ஆளியாக இருந்த காலமும் உண்டு. அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் 1903-இல் காப்புரிமை பெற்ற துடைப்பானை ஓட்டுநர் உள்ளிருந்து ஒரு நெம்புகோலைக் கையால் இழுத்து இயக்க வேண்டும். ஆளி என்ற சொல்லுக்குப் பொருத்தமான துடைப்பான் அதுதான். பிறகு ராபர்ட் கேர்ன்ஸ் 1964-இல் விண்ணப்பித்தாரே, விட்டுவிட்டுத் துடைக்கும் முறை, அதற்கு நான் ‘இடையறு துடைப்பு’ என்று வைத்திருந்தேன்…

எளியவன் எழுதியது:

அதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம் ஐயா. அக்காவுக்கு வெள்ளிக்கிழமை கெடு.

தும்பி எழுதியது:

நன்றி தம்பி. ‘நிறுத்தம்’ போனது. நிலைக்கு ஒரு பெயர், உறுப்புக்கு ஒரு பெயர் என்று இரண்டு வேண்டும். நிலைக்கு ‘துஞ்சுநிலை’ எப்படி? ஓசை நன்றாக இருக்கிறது.

அலைமகள் எழுதியது:

ஐயோ வேண்டாம் அக்கா. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மாதிரி, நடுக்கண்ணாடியில் துஞ்சிய துடைப்பான் என்று யாராவது எழுதுவார்கள். துஞ்சினார் செத்தாரின் வேறல்லர் என்று வள்ளுவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பழுதுக்கும் சரியான நிலைக்கும் ஒரே சொல்லாகிவிடும்.

எனக்கு ‘ஒதுங்கிடம்’ தோன்றுகிறது. ஒதுங்கு + இடம், குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. கட்டுமரம் கரை ஒதுங்குவதுபோல் இது கண்ணாடியின் கரையில் ஒதுங்குகிறது. ‘துடைப்பான் ஒதுங்குவதில்லை’ என்றால் விளக்கமே வேண்டாம்.

எளியவன் எழுதியது:

விளக்கம் வேண்டாம்தான், ஆனால் ஒதுங்கப் போகிறேன் என்றால் ஊரில் என்ன பொருள் என்று தெரியாதா? வகுப்பில் ஒதுங்கிடம் என்று சொன்னதும் பின்வரிசை சிரிக்கும். தவிர, மழைக்கு ஒதுங்குவது நம் வழக்கு. இங்கே மழை நின்ற பிறகு அல்லவா ஒதுங்குகிறது!

நன்னூலடியார் எழுதியது:

இடக்கரடக்கல் ஏறாத வினைச்சொல் தமிழில் எத்தனை மிஞ்சும்? ‘போதல்’ என்ற சொல்லையே கைவிட வேண்டியிருக்கும். என் மறுப்பு வேறு. ஒதுங்குதலில் ஒரு விருப்பம் இருக்கிறது, ஓர் அச்சமும் இருக்கிறது. இயந்திரத்துக்கு அது ஆகாது. ‘இறுப்பு’ என்று இரண்டே எழுத்து ஓசையில் முடிந்துவிடும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்?

கரிமுனை எழுதியது:

இரண்டு எழுத்து இல்லை ஐயா, நான்கு. அது போகட்டும்.

எனக்கு நிலையின் பெயரில் பெரிய அக்கறை இல்லை. உறுப்பின் பெயரில் சுவிட்சும் வேண்டாம், ஆளியும் வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். காரணம் பயிற்சிக்கூடத்தில் கண்டது. துடைப்பான் நடுவில் நிற்கிறது என்றால் மாணவர்கள் கையேட்டில் ‘சுவிட்ச்’ என்பதைப் பார்த்ததும் ஸ்டீயரிங் அருகில் உள்ள கைச்சுவிட்சைத்தான் கழற்றுகிறார்கள். கெட்டிருப்பது மோட்டாருக்குள்.

உண்மையில் இரண்டில் எது கெட்டது என்று பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. பல ஐரோப்பிய கார்களில் ஜெர்மானிய டி.ஐ.என். 72552 தரப்படி முனைகளுக்கு எண் போட்டிருப்பார்கள்: 31 எர்த்து, 53 மோட்டாருக்குப் போகும் கம்பி, 53ஏ (53a) சாவி திருப்பியிருக்கும்போதெல்லாம் மின்சாரம் வர வேண்டிய கம்பி, 53இ (53e) மோட்டாரின் தொடுமுனையிலிருந்து கைச்சுவிட்சுக்குத் திரும்பும் கம்பி. அணைத்த நிலையில் கைச்சுவிட்ச் 53இ-ஐ 53-உடன் இணைத்து வைக்கும். எனவே துடைப்பான் பாதியில் நிற்கும்போது, சாவியைத் திருப்பி வைத்து, கைச்சுவிட்சை அணைத்த நிலையில் சோதனை விளக்கால் பாருங்கள். 53ஏ-வில் விளக்கு எரியாவிட்டால் உருகியிலும் கம்பியிலும் தேட வேண்டும். 53ஏ-வில் எரிந்து 53இ-யில் எரியாவிட்டால் உள் தொடுமுனை கருகிவிட்டது. இரண்டிலும் எரிந்தால் மோட்டாரைத் தொடாதீர்கள்; குற்றம் கைச்சுவிட்சில், அல்லது இடைப்பட்ட கம்பியில்.

மாணவர் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமானால் இரண்டு பொருளுக்கும் இரண்டு பெயர் வேண்டும். ‘கைச்சுவிட்ச்’, ‘உள் தொடுமுனை’. அவ்வளவுதான். ஜெர்மானியர்கள் எண்ணிலேயே முடித்துவிட்டார்கள், சண்டை இல்லை.

எளியவன் எழுதியது:

தொடுமுனை எனக்குச் சம்மதம். பார்த்தால் புரிகிறது. ஆனால் அண்ணா, நீங்களே எர்த்து, எர்த்து என்கிறீர்கள். அதற்கு ‘நிலத்தொடுப்பு’ போட்டிருப்பார்களே? கார் ரப்பர் சக்கரத்தின்மேல் நிற்கிறது, நிலத்தை எங்கே தொடுகிறது? ‘உடல்தொடுப்பு’ என்றல்லவா இருக்க வேண்டும்?

கரிமுனை எழுதியது:

நியாயம்தான். பழைய காரில் பாதித் தொல்லை அங்கேதான். மோட்டார் தன் கூட்டின் வழியாகக் கார் உடலைத் தொட்டு மின்சுற்றை முடிக்கிறது. துருவோ புதுப் பெயின்ட்டோ இடையில் வந்தால் துடைப்பான் நோயாளி மாதிரி நகரும். துடைப்பான் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் கூட்டுக்கும் பேட்டரியின் எதிர்மின்முனைக்கும் இடையே வோல்ட்மானியை வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஓடாமல் இருக்கும்போது வைத்தால் பூச்சியம்தான் காட்டும், அதை நம்பக் கூடாது.

இன்னொன்றையும் அத்தியாயத்தில் முன்னால் போடச் சொல்வேன்: மெதுவாக நகர்வதெல்லாம் மின்பழுது இல்லை. துடைப்பான் கைகளின் சுழல்மூட்டு இறுகியிருந்தால் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்து உருகியை எரித்துவிடும். இணைப்புக் கோலைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்த பிறகே மின்சாரத்தைக் குற்றம் சொல்ல வேண்டும்.

அலைமகள் எழுதியது:

‘ஒதுங்கிடத் தொடுமுனை’. சேர்த்துவிட்டேன்.

நன்னூலடியார் எழுதியது:

வல்லினம் மிகுந்தது சரி. ‘தொடுமுனை’ வினைத்தொகை என்பதால் யாரும் அங்கே ஒற்றுப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முற்பகுதிக்கு என் இசைவு இல்லை.

தும்பி எழுதியது:

நேரம் இல்லாததால் முடிவெடுக்கிறேன். கைச்சுவிட்ச் ஒருபக்கம், ஒதுங்கிடத் தொடுமுனை மறுபக்கம். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘பார்க் சுவிட்ச் எனப்படும்’ என்று ஒரு சொற்றொடர், எளியவன் தம்பிக்காக. பட்டியலில் ‘துடைப்பான் ஒதுங்குவதில்லை’ என்றும் ‘ஒதுங்கிடத்தைத் தாண்டிப் போகிறது’ என்றும் இரண்டு வரியாகப் பிரித்துவிட்டேன். கரிமுனை அண்ணாவின் சோதனை வரிசையை, அவர் இசைவுடன், அப்படியே பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன். நிலத்தொடுப்பு மற்ற அத்தியாயங்களில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அதைத் தொட முடியாது.

எளியவன் எழுதியது:

சரி அக்கா. பின்வரிசை சிரித்தால் என்னைக் கேட்காதீர்கள்.

நன்னூலடியார் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. மறுபதிப்பு வரும்போது ‘இறுப்பு’ மீண்டும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று பதிவு செய்துவையுங்கள். கேர்ன்ஸின் இடையறு துடைப்புக்கு நாளை தனி இழை தொடங்குகிறேன். அதில் ‘இடையறு’ என்பது வினைத்தொகையா, இல்லையா என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.