பழைய ஆக்சஸ் ஃபைலுக்கு டிரைவர்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதுகிறேன். விவசாயிகள் கொண்டுவந்த தோத்தாபுரி மாங்காயின் எடை, விலை, பாக்கி எல்லாமே பழைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் (எம்டிபி) ஃபைலில் இருக்கிறது. அதைப் பைத்தானில் பைஓடிபிசி (ஓடிபிசி டிரைவர் மூலம் டேட்டாபேஸைப் படிக்கும் லைப்ரரி) வழியாகப் படிக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். பைத்தான் 64 பிட், ஆபிஸ் 32 பிட். விண்டோஸோடு வரும், எம்டிபியைப் படிக்கும் ஜெட் டிரைவரும் 32 பிட் மட்டுமே; 64 பிட் பைத்தானுக்கு 64 பிட் டிரைவர்தான் வேண்டும். ஜெட் டிரைவருக்கு டிஎஸ்என் (ஓடிபிசி இணைப்பு விவரம்) அமைத்தால் ‘ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்’ என்ற பிழை வருகிறது. சரி என்று மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 64 பிட் டிரைவர் உள்ள ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சினை இறக்கி ஓட்டினால், முதலில் 32 பிட் ஆபிஸை நீக்கச் சொல்லி நின்றுவிடுகிறது. கமாண்ட் பிராம்ப்டில் குவைட் சுவிட்ச் (எதுவும் கேட்காமல் நிறுவச் சொல்லும் குறிப்பு) கொடுத்து நிறுவலாம் என்று தெரியும். ஆனால் ஆபிஸ் கெட்டுவிட்டால் ஆலையில் பில் போடுவதே நின்றுவிடும். விவசாயிகளுக்குப் பணம் போகிற கணக்கு, அதில் விஷப்பரீட்சை வேண்டாம்.

அப்படி நிறுவியவர்கள் இருக்கிறீர்களா? ஆபிஸ் ஒழுங்காக ஓடுகிறதா? 32 பிட் பைத்தானுக்கே மாறிவிடுவது நல்லதா? ஜாவாவில் ஆக்சஸ் ஃபைலைப் படிக்கும் யூகேன்ஆக்சஸ் டிரைவர் என்றால் ஓடிபிசியே தேவையில்லை, ஆனால் பெரிய ஃபைலைத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? மாங்காய் வரத்து தொடங்குமுன் முடித்தாக வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.