கட்சி சாராமல் ஊர்க் காரியத்தில் இறங்கியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஊரணிக்கரை:

கிராம சபையில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன்பே எதிர்க்கேள்வி வந்துவிடும்: "நீங்கள் எந்தக் கட்சி?" எந்தக் கட்சியும் இல்லை என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். "அப்படியானால் யார் சொல்லி வந்தீர்கள்?" என்பது அடுத்தது. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களே கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கின்றன. கொடி எதையும் பிடிக்காமல் ஊர் வேலையில் இறங்கியவர்கள் நடந்ததை எழுதுங்கள். தோற்ற கதையும் வரட்டும். முதலில் என்னுடையது.

எங்கள் தெருக் குழாயில் சில வாரங்களாகத் தண்ணீர் வாடை அடித்தது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியைத் தூணிலேயே எழுதிவைப்பார்கள். எங்கள் தொட்டியிலும் நீல வண்ணத்தில், பளிச்சென்று, அந்த மாதத் தேதி இருந்தது. ஆனால் மேலே ஏறும் இரும்பு ஏணியின் கீழ்ப்படிகள் துருவேறி உதிர்ந்துவிட்டன. மிச்சப் படிகளில் கோவைக்கொடி சுற்றிப் படர்ந்து பழமே பழுத்திருந்தது. அந்தக் கொடியை அறுக்காமல் மேலே ஒருவரும் போயிருக்க முடியாது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் படத்தைக் காட்டினேன். எதிர்பார்த்தபடியே முன் வரிசையிலிருந்து கட்சிக் கேள்வி வந்தது. நான் வாய் திறப்பதற்குள் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் எழுந்துவிட்டார். "அவர் எந்தக் கட்சியாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். தொட்டியில் ஏறினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்." பந்தலே சிரித்தது. தலைவர் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பெரும்பாலான புகார்கள் உயிர்விடும் இடம் அதுதான். பின்னால் இருந்த பெரியவர், ஓய்வுபெற்ற அலுவலக எழுத்தர், என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல். தீர்மான எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்." அப்படியே கேட்டேன். செயலர் தயங்கித் தயங்கி எழுதினார். பொங்கலுக்கு முன்பே புது ஏணி வந்துவிட்டது. தண்ணீரிலும் இப்போது வாடை இல்லை. இருந்தாலும் நான் தூணில் எழுதியிருக்கும் தேதியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், ஏணிப் படியைத்தான் பார்க்கிறேன்.

பெயர் வேண்டாம்:

உங்கள் ஊரில் கூட்டமாவது கூடுகிறது. எங்கள் ஊரில் வருகைப் பதிவேடுதான் வீடு தேடி வருகிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வேண்டும். வந்தவர்கள் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். மறுநாள் வேலைத்தளத்திலும் டீக்கடையிலும் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை நிரப்பினார்கள். நான் போட மறுத்தேன். அதனால் எதுவும் நின்றுவிடவில்லை, மற்ற எல்லோரும் போட்டுவிட்டார்கள். தோற்ற கதை கேட்டீர்களே, இதுதான்.

மூன்றாவது குறுக்குத் தெரு:

நான் நகரவாசி. எங்களுக்குக் கிராம சபை கிடையாது. 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்று ஒன்று வந்தது. எங்கள் பகுதியில் அது எப்போது கூடுகிறது என்பது கூட்டுபவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஆகவே நான் பிடித்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தெருவில் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால் பற்றி விண்ணப்பித்தேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும்: பணி ஆணை, மதிப்பீடு, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் உறை வந்தது. அளவுப் புத்தகத்தில் 120 மீட்டர் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தெருப் பிள்ளைகள் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு நடந்தேன். வடிகால் 87 மீட்டரில் முடிந்து, அதற்கப்பால் வெறும் பள்ளம். அந்தப் பிள்ளைகளில் ஆளுங்கட்சிக்காரர் வீட்டுப் பையனும் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பையனும் இருந்தார்கள். மழை இருவர் வீட்டுக்குள்ளும்தானே வந்தது?

அளவை எழுதி, தெருவாசிகள் கையெழுத்தோடு ஆணையருக்கு அனுப்பினோம். பதில் கடிதம் வரவே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். மீதி வடிகாலைக் கட்டிவிட்டுப் போனார்கள். முதலில் எழுதிய அளவுக்கு யார் பொறுப்பு என்பது இன்றுவரை விளங்கவில்லை. அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். என்னை உறுப்பினராக்கியபோது, கையெழுத்துப் போட ஆள் வேண்டுமென்று கூப்பிடுகிறார்கள் என்றுதான் என் மாமியார் சொன்னார்.

முதல் கூட்டத்திலேயே கழிப்பறைப் பிரச்சினை வந்தது. கட்டடம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். ஊர்ப் பிரமுகர் ஒருவர் மோட்டாரும் தொட்டியும் வாங்கித் தர முன்வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தொட்டியில் அவருடைய கட்சிக் கொடியின் நிறம் அடிக்க வேண்டும், தலைவர் படம் போட்ட பலகை வைக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் "வைத்துவிட்டுப் போகட்டுமே, பிள்ளைகளுக்குத் தண்ணீர் வந்தால் சரி" என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான்: நாளை வேறு கட்சிக்காரர் வந்து அந்தப் படத்தை எடுத்தால்தான் சுற்றுச்சுவர் கட்டித் தருவேன் என்றால் என்ன செய்வோம்? தலைமை ஆசிரியை குனிந்த தலை நிமிரவில்லை. அவருக்கு மாற்றல் பயம்.

கடைசியில் நன்கொடையாளர் பெயரை மட்டும் சிறிதாக எழுதலாம், படமும் கொடி நிறமும் கூடாது என்று தீர்மானம் போட்டோம். பிரமுகர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த பருவம் வரை பிள்ளைகள் அவதிப்பட்டார்கள். அந்த நாட்களில் என் பெண்ணே என்னை முறைத்தாள். அதே தீர்மானத்தை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பி, மாதாமாதம் போய் நின்றபின் குழாய் இணைப்பு வந்தது. இன்னும் வேகமாக முடித்திருக்கலாமோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு. படத்துக்குச் சம்மதித்திருக்கலாமோ என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

ஊரணிக்கரை:

அம்மா, உங்கள் தீர்மானத்தின் வாசகத்தை முடிந்தால் அப்படியே இங்கே பதியுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு பலகைப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

"பெயர் வேண்டாம்" நண்பருக்கு ஒரு வழி. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபைக்குப் போய், கூட்டம் முடிந்தவுடன் வருகைப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு, மொத்த எண்ணிக்கையை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். போன முறை எங்கள் ஊரில் ஒரு கல்லூரி மாணவி இப்படிக் கேட்டாள். செயலர் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அளவுகோல் இருக்கிறதா என்று கேட்டார்.